ரைஃபிளின் வாயு அமைப்பு நீளம்: நம்பகத்தன்மை, தேய்மானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஆர்-15 குடும்பத்து ரைஃபிள் என்றால் குழல் எத்தனை அங்குலம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் குழலில் வாயுத் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. துப்பாக்கி தடங்கலில்லாமல் ஓடுமா, தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட் எவ்வளவு காலம் தாங்கும், தோளில் உதை எப்படி இருக்கும் என்ற மூன்றையும் தீர்மானிப்பதில் அந்தச் சின்னத் துளைக்குப் பெரிய பங்கு உண்டு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவைக்கு மேல் வாயு பாயும் துப்பாக்கியை "எதைப் போட்டாலும் ஓடும்" என்று சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஓட்டத்துக்கான விலையைப் போல்ட்டும், காலி உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும், குழலும் பின்னால் கொடுக்கின்றன. குழலின் நீளம் இடம் கொடுக்கும் வரை நீளமான வாயு அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் கீழே.

வாயு அமைப்பின் நீளம் என்றால் எதன் நீளம்?

தோட்டா வெடித்ததும் குண்டு குழலுக்குள் முன்னால் ஓடுகிறது, பின்னாலிருந்து வாயு அதைத் தள்ளுகிறது. குழலின் மேற்புறத்தில் ஓரிடத்தில் சிறு துளை இருக்கிறது. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் வாயுவில் ஒரு பகுதி துளை வழியாக ஏறி, துளைமேல் உட்கார்ந்திருக்கும் கேஸ் பிளாக்குக்குள் திரும்பி, மெல்லிய கேஸ் டியூப் வழியாகப் பின்னோக்கிப் போகிறது. போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியரின் தலையில் இருக்கும் கேஸ் கீ என்ற குழாய்முனை வழியே கேரியருக்குள் நுழைந்து, போல்ட்டின் வால்பகுதிக்கும் கேரியருக்கும் நடுவே இருக்கும் அறையில் விரிகிறது. அந்த விரிவுதான் கேரியரைப் பின்னால் தள்ளுகிறது. கேரியர் கொஞ்ச தூரம் தனியாக நகர்ந்த பிறகு கேம் பின் என்ற குறுக்கு ஊசி போல்ட்டை 22.5 டிகிரி திருப்புகிறது. பூட்டு திறக்கிறது. காலி உறை வெளியே இழுக்கப்படுகிறது.

குழலின் பின்முனையிலிருந்து அந்தத் துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையே வாயு அமைப்பின் நீளம் என்கிறோம். கேஸ் டியூபின் நீளமும் அதற்கேற்ப மாறும்.

எத்தனை வகை நீளங்கள் உண்டு?

பரவலாகப் புழங்குபவை நான்கு. பிஸ்டல் நீளத்தில் துளை சுமார் 5 அங்குலத்தில் இருக்கும். கார்பைன் நீளத்தில் சுமார் 8, மிட் நீளத்தில் சுமார் 10, ரைஃபிள் நீளத்தில் சுமார் 13 அங்குலம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறு வித்தியாசம் வரும். இவற்றுக்கு இடைப்பட்ட நீளங்களையும் சிலர் செய்கிறார்கள், ஆனால் உதிரிபாகம் கிடைப்பது இந்த நான்குக்குத்தான் எளிது.

துளை சேம்பருக்கு (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்கு) பக்கத்தில் இருந்தால் என்ன வித்தியாசம்?

அழுத்தம். இந்த ரைஃபிளின் வழக்கமான 5.56 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 முதல் 62,000 பவுண்டு வரை போகும். குண்டு ஓரிரு அங்குலம் நகர்வதற்குள்ளேயே அந்த உச்சம் வந்துவிடும். அதற்கப்புறம் குண்டு முன்னேற முன்னேற, பின்னால் இடம் பெருகப் பெருக, அழுத்தம் செங்குத்தாக இறங்குகிறது. 13 அங்குலத்தில் வாயுவைத் தொட்டால் சாதுவாகிவிட்ட வாயு கிடைக்கும். 8 அங்குலத்தில் தொட்டால் அதைப்போல ஒன்றரை மடங்கை ஒட்டிய அழுத்தம். வெப்பமும் அதிகம்.

அழுத்தம் மட்டுமல்ல, நேரமும் மாறுகிறது. துளை அருகில் இருந்தால் வாயு சீக்கிரம் கிளம்புகிறது, போகவேண்டிய தூரமும் குறைவு. ஆக, கேரியர் சீக்கிரமே நகரத் தொடங்கி வேகமாகவும் நகர்கிறது. பூட்டு திறக்கும் அந்த நொடித்துளியில் சேம்பருக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்தபடியே இருக்கும். அந்தப் பிடி தளர்வதற்கு முன்பே எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடுங்கப் பார்க்கிறது. கார்பைன் நீளத்தில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடும்.

அப்படியானால் எப்போதும் நீளமான அமைப்பே நல்லதா?

இல்லை. கணக்கின் மறுபாதி, துளைக்கு முன்னால் மிச்சமிருக்கும் குழல். குண்டு துளையைத் தாண்டியதிலிருந்து வாயைவிட்டு வெளியேறும் வரைதான் குழல் அடைபட்டிருக்கிறது. அதுவரைதான் துளை வழியே முழு வலுவோடு வாயு பாயும். குண்டு வெளியேறியதும் அழுத்தம் சரிந்துவிடும். மிச்சக் குழல் மிகக் குட்டையாக இருந்தால் கேரியரை முழு தூரம் தள்ளப் போதிய வாயு கிடைக்காது.

20 அங்குலக் குழலில் ரைஃபிள் நீளம் வைத்தால் மிச்சம் சுமார் 7 அங்குலம். வினாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அந்தத் தூரத்தை வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அவ்வளவு நேரத்தில் கிடைக்கும் வாயுதான் துப்பாக்கியின் முழுச் சுழற்சிக்கும் மூலதனம்.

இப்போது மற்ற சேர்க்கைகளைப் பாருங்கள். 14.5 அங்குலக் குழலில் கார்பைன் நீளம் என்றால் மிச்சம் 6.5 அங்குலம். அதே குழலில் மிட் நீளம் என்றால் 4.5. 16 அங்குலத்தில் கார்பைன் என்றால் 8, மிட் என்றால் 6. 18 அங்குலத்தில் ரைஃபிள் நீளம் என்றால் 5. 10.3 அங்குலத்தில் கார்பைன் என்றால் சுமார் 2.5 அங்குலம்தான். துளையில் அழுத்தம் எவ்வளவு, துளைக்குப் பின் நேரம் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு துப்பாக்கியின் குணம் பிடிபடும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தப்பாகும்.

16 அங்குலக் குழலுக்கு கார்பைனா, மிட்டா?

மிட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

16 அங்குலத்தில் கார்பைன் அமைப்பு என்பது இரண்டு பக்கமும் மிகுதியான சேர்க்கை. துளையில் அழுத்தமும் அதிகம், துளைக்குப் பின் நேரமும் அதிகம். மூல வடிவமான 20 அங்குல ரைஃபிளில் இருந்ததைவிட நீண்ட நேரம், அதைவிட வலுவான வாயு பாய்கிறது. துளையைச் சிறிதாக வைத்தால் சமாளிக்கலாம், ஆனால் பல தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்வதில்லை. மிட் அமைப்பில் துளை இரண்டு அங்குலம் முன்னால் போகிறது. அழுத்தம் குறைகிறது, மிச்சக் குழலோ 6 அங்குலம், அதாவது தாராளம். உதை மென்மையாகிறது, முன்குறி இலக்கிலேயே நிற்கிறது, பாகங்கள் அதிக நாள் வருகின்றன.

அப்படியானால் கார்பைன் நீளம் எதற்காக வந்தது?

யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட்டில் இந்த ரைஃபிளை வடிவமைத்தபோது 20 அங்குலக் குழலும் ரைஃபிள் நீளமும்தான் இருந்தன. 1960-களில் கோல்ட் நிறுவனம் 10, 11.5 அங்குலக் குழல்கள் கொண்ட குட்டை வடிவங்களைச் செய்தபோது துளையைப் பின்னால் கொண்டுவந்தே ஆகவேண்டியிருந்தது. அங்கே பிறந்ததுதான் கார்பைன் நீளம். குட்டைக் குழலுக்குச் செய்த ஏற்பாடு அது. பிற்பாடு 14.5 அங்குலக் குழல் கொண்ட எம்4 என்ற அமெரிக்க ராணுவக் கார்பைன் அதை அப்படியே சுவீகரித்தது. அமெரிக்கச் சட்டப்படி சாதாரணக் குடிமக்கள் வாங்கும் ரைஃபிளுக்குக் குறைந்தது 16 அங்குலக் குழல் வேண்டும். எம்4 போலவே தோற்றம் வேண்டும் என்று வாங்குவோர் கேட்க, குழலை நீட்டி, துளையை இருந்த இடத்திலேயே விட்டு, லட்சக்கணக்கில் செய்துவிட்டார்கள். 16 அங்குலத்தில் கார்பைன் நீளம் வந்த கதை இவ்வளவுதான்.

ராணுவப் பக்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக வந்த யூஆர்ஜிஐ என்ற எம்4 மேல்பகுதியில் 14.5 அங்குலக் குழலுக்கு மிட் நீளம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

துளையின் விட்டத்துக்கு என்ன பங்கு?

நீளத்துக்கு இணையான பங்கு. இந்தக் குடும்பத்தின் ராணுவ ரைஃபிளான 20 அங்குல எம்16-இன் துளை விட்டம் சுமார் 0.093 அங்குலம். எம்4-இல் சுமார் 0.062. பரப்பளவில் கணக்குப் போட்டால் எம்16-இன் துளை இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. இருந்தும் அதுதான் மென்மையாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே அழுத்தம் தணிந்துவிட்டது. தணிந்த வாயுவைப் பெரிய வாசல் வழியே மெதுவாக விடுகிறது நீளமான அமைப்பு. கொதிக்கும் வாயுவைச் சிறிய வாசல் வழியே பாய்ச்சுகிறது குட்டையான அமைப்பு.

விட்டத்தில் சின்ன மாற்றமும் பெரிதாக விளையும். 0.063-ஐ 0.070 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பரப்பளவு கால் பங்கை ஒட்டிக் கூடிவிடும். அதனால் வாங்கும்போது "மிட் நீளம்தானே" என்று நிறுத்திக்கொள்ளாமல் துளை எவ்வளவு என்றும் கேளுங்கள். அளவுக்கு மீறிய துளையோடு வரும் மிட், அடக்கமான துளையோடு வரும் கார்பைனைவிட முரட்டுத்தனமாக ஓடக்கூடும்.

வாயு அதிகமானால் எந்தெந்தப் பாகம் தேயும்?

முதலில் போல்ட். போல்ட் தலையில் ஏழு பூட்டுப் பற்கள் உண்டு. எட்டாவது இருக்கவேண்டிய இடத்தில் எக்ஸ்ட்ராக்டர் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் முழுதாக இறங்கும் முன் பூட்டைத் திருப்பினால் பற்கள் சுமையோடு உரசிக்கொண்டே திரும்புகின்றன. எக்ஸ்ட்ராக்டருக்கு இரு பக்கமும் இருக்கும் பற்களுக்கு ஒரு பக்கத் துணை குறைவு, பெரும்பாலும் அவைதான் முதலில் விரிசல் விடும். இன்னொரு பலவீன இடம் கேம் பின் நுழையும் துளை. அங்கே உலோகம் மெல்லியது, போல்ட் இரண்டாக முறிவதென்றால் அங்கேதான் முறியும்.

அடுத்தது எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும். சுவரைப் பிடித்திருக்கும் உறையை வேகமாக இழுப்பதால் எக்ஸ்ட்ராக்டரின் நகம் மழுங்கும், ஸ்பிரிங் தளரும், சிலசமயம் உறையின் விளிம்பே கிழியும். விளிம்பு பிய்ந்த உறை சேம்பரிலேயே தங்கிவிட்டால் அந்தத் தடங்கலை நீக்குவது சுலபமல்ல. எம்4 வகைகளில் வலுவான எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் சேர்க்க வேண்டிவந்தது இந்த அவசரப் பிடுங்கலைச் சமாளிக்கத்தான்.

கேரியர் ஓடும் கூடான மேல் ரிசீவரின் உட்புறத்தில் கேம் பின் உரசும் இடத்தில் பள்ளம் விழுவதும் உண்டு. கேரியர் பின்னால் போய் மோதும் வேகம் கூடுவதால், கேரியரைத் தாங்கித் திருப்பி அனுப்பும் பஃபரும் அதன் ஸ்பிரிங்கும் அடி வாங்குகின்றன.

கடைசியாகச் சொன்னாலும் முக்கியமானது வாயுத் துளையே. சூடான, அழுத்தம் மிகுந்த வாயு துளையின் விளிம்பை அரித்துக்கொண்டே இருக்கும். சேம்பருக்கு அருகில் இருந்தால் அரிப்பு வேகம். அரிக்க அரிக்கத் துளை பெரிதாகும், பெரிதானால் இன்னும் அதிக வாயு பாயும், அதனால் கேரியர் இன்னும் வேகமாகும். பழைய குட்டைக் குழல் ஒன்று "புதிதில் இருந்ததைவிட இப்போது நன்றாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் துளையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த மோசமான வட்டம் சத்தமில்லாமல் நடக்கும். போல்ட் உடைந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

அதிக வாயு இருந்தால் அழுக்கிலும் குளிரிலும்கூட ஓடும் அல்லவா? அது நம்பகத்தன்மைதானே?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகும், வெடிமருந்தின் அழுத்தமும் குறையும். தூசியும் கரியும் சேர்ந்தால் உராய்வு கூடும். விலை குறைந்த தோட்டாக்கள் வலுக்குறைவாக வரும். இத்தனையையும் மீறிக் கேரியர் முழு தூரம் போகவேண்டும் என்றால் கொஞ்சம் உபரி வாயு வேண்டும். எந்த நல்ல வடிவமைப்பாளரும் அந்த உபரியை வைப்பார்.

ஆனால் உபரிக்கு அளவு உண்டு. அதைத் தாண்டினால் வேறு விதமான தடங்கல்கள் தொடங்கும். கேரியர் மிக வேகமாகப் போய் மிக வேகமாகத் திரும்பினால், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி முடிப்பதற்குள் போல்ட் அதைத் தாண்டிவிடும். சேம்பர் காலியாகவே பூட்டிக்கொள்ளும், அல்லது தோட்டாவின் நடுவில் போல்ட் குத்தி நிற்கும். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்ச் எழும்ப நேரமில்லாமல் போல்ட் மூடிக்கொள்வதும் நடக்கும். தானியங்கிச் சுடுதலில் கேரியர் முன்னால் மோதித் துள்ளும், அந்த நேரத்தில் சுத்தியல் விழுந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வாயு குறைவாலும் போல்ட் பின்னால் பூட்டி நிற்காமல் போகும், வாயு மிகுதியாலும் போகும். ஆனால் மருந்து நேர் எதிர். காரணம் தெரியாமல் துளையைப் பெரிதாக்கினால் நோய் முற்றும்.

வரலாற்றில் இதற்கு உதாரணம் உண்டா?

உண்டு, மனதை உறுத்தும் உதாரணம். எம்16 முதலில் ஐஎம்ஆர் என்ற குச்சி வடிவத் துகள் வெடிமருந்தோடு சேர்த்து உருவாக்கப்பட்டது. 1964 வாக்கில் ராணுவத் தோட்டாவுக்கு டபிள்யூசி 846 என்ற உருண்டைத் துகள் வெடிமருந்து (ball powder) வந்தது. உச்ச அழுத்தத்தை எல்லைக்குள் வைத்துக்கொண்டே தேவையான வேகத்தைத் தர அது வசதியாக இருந்தது. ஆனால் துளை இருக்கும் இடத்தில் அதன் அழுத்தம் கூடுதலாக இருந்தது. துப்பாக்கியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் சுடும் வேகம் நிமிடத்துக்கு 850 என்ற எல்லையைத் தாண்டி 1,000-ஐ எட்டியது. கரியும் அதிகம் படிந்தது. அதோடு குரோம் பூசாத சேம்பர், சுத்தம் செய்யும் கருவிகள் போதாமை, வியட்நாமின் ஈரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. உறை சேம்பரில் சிக்கிக்கொள்ள, போர்க்களத்தில் வீரர்கள் உயிரிழந்தார்கள். 1967-இல் அமெரிக்கக் காங்கிரசின் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான துணைக்குழு இதை விசாரித்து, வெடிமருந்து மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது. புதிய பஃபரும், பிறகு குரோம் பூசிய சேம்பரும் வந்தபின்தான் நிலைமை மேம்பட்டது.

துளையின் இடம், துளையின் அளவு, தோட்டா, பஃபர் என்ற நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை தாமாகப் பொருந்திக்கொள்ளும் என்று நினைத்ததன் விளைவு அது.

என் துப்பாக்கியில் வாயு அதிகமா குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலி உறைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். சுடும் திசை கடிகாரத்தின் 12 என்றால், வலப்பக்கம் 3 மணிக்கும் 4.30-க்கும் நடுவே விழுந்தால் பொதுவாகச் சரி. 1, 2 மணிப் பக்கம் முன்னோக்கித் தெறித்தால் கேரியர் மிக வேகமாகப் போகிறது. 5 மணிக்குப் பக்கத்தில் சோர்ந்து விழுந்தால் வாயு போதவில்லை. இது ஒரு அறிகுறி மட்டுமே. உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் வலுவும் உறை மோதும் இடமும் இந்தத் திசையை மாற்றிவிடும்.

இதைவிட நம்பகமானது ஒற்றைத் தோட்டாச் சோதனை. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தப்போகும் தோட்டாக்களிலேயே வலுக்குறைந்ததை எடுத்து, தோளில் இறுக்கிப் பிடிக்காமல், பல முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பூட்டினால் வாயு போதும். சுட்ட உறைகளின் விளிம்பையும் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் விளிம்பு வளைந்தோ பிய்ந்தோ இருந்தால் வாயு மிகுதி என்று சந்தேகிக்கலாம்.

வாயு குறைவு என்று முடிவு கட்டும் முன் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் பிளாக் துளைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா? கேஸ் கீயின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா? போல்ட்டைக் கேரியரிலிருந்து கழற்றாமல், முன்னால் முழுதாக நீட்டி இழுத்து, போல்ட் முகம் கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்துங்கள். கேரியர் தன் எடையிலேயே கீழே இறங்கிவிட்டால், போல்ட்டைச் சுற்றி வாயுவை அடைக்கும் வாயு வளையங்கள் தேய்ந்துவிட்டன.

கனமான பஃபர் போட்டால் போதாதா?

ஓரளவுக்கு உதவும். சாதாரணக் கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ், எச் வகை சுமார் 3.8, எச்2 சுமார் 4.6, எச்3 சுமார் 5.4 அவுன்ஸ். எடை கூடினால் கேரியர் மெதுவாகக் கிளம்பும், பூட்டு சற்றுத் தாமதமாகத் திறக்கும். உள்ளே நகரும் எடைத்துண்டுகள் கேரியர் துள்ளுவதையும் தடுக்கும்.

ஆனால் துளை வழியே வரும் வாயு குறைவதில்லை. அரிப்பும் கரியும் அப்படியேதான் இருக்கும். சரியான துளையோடு வந்த துப்பாக்கியை நேர்த்தியாக்க பஃபர் நல்லது. தப்பான துளையை மறைக்க அதை நம்பக்கூடாது.

சைலன்சர் மாட்டினால்?

வாயில் சைலன்சர் இருந்தால் குண்டு வெளியேறிய பின்னும் வாயு சட்டென்று வெளியேற முடியாது. துளைக்குப் பின்னால் இருக்கும் நேரத்தை நீட்டியதற்குச் சமம் அது. ஏற்கெனவே வாயு மிகுந்த கார்பைனில் மாட்டினால் மேலே சொன்ன தேய்மானம் எல்லாம் ஒரு படி கூடும், சுடுபவரின் முகத்துக்கும் வாயு வரும். எப்போதும் சைலன்சரோடுதான் சுடுவேன் என்பவர் சிறிய துளை கொண்ட குழலையோ, அளவு மாற்றக்கூடிய கேஸ் பிளாக்கையோ யோசிக்கலாம். மாட்டியும் கழற்றியும் சுடுபவர் இரண்டு நிலையிலும் ஒற்றைத் தோட்டாச் சோதனையைச் செய்ய வேண்டும்.

அளவு மாற்றக்கூடிய கேஸ் பிளாக் நம்பகமானதா?

போட்டிச் சுடுதலுக்கு மிக நல்லது. வைக்கும் முறை எளிது: வாயுவைக் குறைத்துக்கொண்டே போய், போல்ட் பின்னால் பூட்டாத நிலைக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிறகு பூட்டும் வரை கூட்டி, அதற்கு மேல் ஓரிரு படி உபரி வையுங்கள். பழைய எஃப்என் ஃபால் ரைஃபிளில் வாயு அளவை மாற்றும் ரெகுலேட்டரை வைக்கும் முறையும் இதே தர்க்கம்தான்.

அதன் குறை, கரி ஏறித் திருகு இறுகிக்கொள்வது. அவ்வப்போது அசைத்துப் பார்க்க வேண்டும். உயிர் காக்கும் வேலைக்கு வைத்திருக்கும் துப்பாக்கி என்றால் நான் அசையும் பாகம் இல்லாத, சரியான துளையுள்ள குழலையே விரும்புவேன்.

10.3 அங்குலம் போன்ற மிகக் குட்டைக் குழல்களில்?

அங்கே எல்லாமே கத்தி முனை. கார்பைன் அமைப்பில் துளைக்குப் பின் சுமார் 2.5 அங்குலம்தான் மிச்சம், அதனால் துளையை 0.070 அளவுக்குப் பெரிதாக்கியே ஓட்ட முடிகிறது. வலுவான தோட்டாவில் முரட்டுத்தனமாக ஓடும், வலுக்குறைந்ததில் சோம்பும். போல்ட்டை மாற்றும் இடைவெளி குறைய வேண்டும். 11.5 அங்குலம் இதைவிட எவ்வளவோ நிதானமானது.

.300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கு ஏன் பிஸ்டல் நீளம்?

அந்தத் தோட்டாவில் வேகமாக எரியும் வெடிமருந்து குறைந்த அளவில் இருக்கிறது. அழுத்தம் சீக்கிரமே விழுந்துவிடும். 8, 10 அங்குலம் போனபின் தொட்டால் கேரியரைத் தள்ள ஒன்றும் மிஞ்சாது, முக்கியமாக ஒலியைவிட மெதுவான தோட்டாக்களில். ஆக, 5.56-க்கு முரட்டுத்தனமாக இருக்கும் நீளம் இங்கே சரியான நீளம். எந்தத் தோட்டா என்று சொல்லாமல் நீளத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளி இயங்கும் ரைஃபிள்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வாயு எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் எடுக்கப்படுகிறது என்ற கணக்கு அங்கேயும் அதேதான். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 காரண்ட் குழலின் முனைக்குப் பக்கத்தில் வாயுவை எடுத்து, போல்ட்டை இயக்கும் நீண்ட தண்டான ஆபரேட்டிங் ராடைத் தள்ளுகிறது. மெதுவாக எரியும் வெடிமருந்து போட்டால் முனைப்பக்க அழுத்தம் கூடி அந்த ராட் வளைந்துவிடும். நவீன வேட்டைத் தோட்டாக்களை அதில் போடாதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான். எம்1 கார்பைனோ சேம்பருக்கு மிக அருகில் வாயுவை எடுக்கிறது, ஆனால் குட்டைப் பிஸ்டனை ஒரு சின்னத் தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். ஏகே வகையில் வாயு தாராளம். அந்தத் தாராளத்தைத் தாங்கப் பிஸ்டனோடு இணைந்த கனமான கேரியர் உண்டு. ஏகே அழுக்கில் ஓடுகிறதே, ஏஆரிலும் அப்படி வாயு விட்டால் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் கேரியரின் எடையைக் கணக்கில் எடுப்பதில்லை.

துளையை நானே துரப்பணத்தில் பெரிதாக்கலாமா?

வேண்டாம். பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது, உட்புறத்தில் பிசிறு விழுந்தால் குண்டின் ஓட்டமும் கெடும். கசிவு, வளையம், தோட்டா, பஃபர், ஸ்பிரிங் எல்லாம் பார்த்த பிறகும் வாயு குறைவு என்றால் தகுதியுள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள்.

எதை எப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் நல்ல வெளிச்சத்தில் போல்ட்டின் பற்களின் அடிப்பகுதியையும் கேம் பின் துளையையும் பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் அந்தப் போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கையும் வாயு வளையங்களையும் பழுது வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றிவிடலாம், விலை மிகக் குறைவு. பஃபர் ஸ்பிரிங்கைப் புதிய ஒன்றின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள், குறுகியிருந்தால் மாற்றுங்கள். கார்பைன் நீளத்தில் நிறையச் சுடுபவர் என்றால் வாயுத் துளையின் அளவைப் புதிதிலேயே அளந்து குறித்து வைத்துவிட்டு, சில ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மாற்றுப் போல்ட் ஒன்றையும் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய நிலையில் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடைவெளி) சரிபார்த்து உடன் வைத்திருப்பது நல்லது.